அவ்வளவுதானா?

என் ஆயுசுல நான் ஒரே ஒரு நாடகம் எழுதியிருக்கேன். இருபது நிமிஷ நாடகம். 1990 மாட்டுப் பொங்கல் ராத்திரி எங்க தெரு முனையில அது நடந்துச்சு. நாலு பெஞ்சை ஒண்ணாச் சேர்த்துக் கட்டி, பின்னாடி ஒரு பழைய ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, மைக் செட்டுக்காரர்கிட்ட கெஞ்சி ஒரு மைக்கை மேலேர்ந்து கட்டி இறக்கி நடத்தினது.

கதை இதுதான். வாய்க்கால் மடையில ரெண்டு பேர் ராத்திரி உட்கார்ந்திருக்காங்க. முதல் ஆள், ரெண்டாம் ஆள். பேர் கிடையாது. தண்ணி வரணும். முதல் ஆள் "வரும்"ங்கறான். ரெண்டாம் ஆள் "வராது"ங்கறான். நடுவுல பழைய வரப்புச் சண்டை, கைமாத்து வாங்கின கடன், தங்கச்சி கல்யாணம் எல்லாம் பேசிக்கிறாங்க. விடியுது. தண்ணி வரல. ரெண்டு பேரும் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போறாங்க. முடிஞ்சுது.

விளக்கை அணைச்சு மறுபடி போட்டதும் கூட்டத்துலேர்ந்து ஒரு குரல், "அவ்வளவுதானா?"

தெருவே சிரிச்சுது. பாட்டு இல்ல, பபூன் இல்ல, சண்டை இல்ல, ஒரு பொம்பளை வேஷம்கூட இல்ல. சனங்க மேல தப்பு சொல்ல முடியாது. வள்ளி திருமணமும் பவளக்கொடியும் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சு விடியற வரைக்கும் பாத்துப் பழகினவங்க. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வச்ச நாடகங்கள் அப்படித்தான், விடிய விடிய நடக்கும். தர்க்கமே ரெண்டு மணி நேரம் ஓடும். அந்தக் கூட்டத்துக்கு முன்னாடி இருபது நிமிஷத்தை நீட்டினா, பந்தியில உக்கார வச்சு ஒரு கரண்டி பாயசத்தோட எழுப்பி விட்ட மாதிரிதானே.

முன் வரிசையில எங்க அப்பா உட்கார்ந்திருந்தார். எழுந்திரிச்சு, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போனார். என் நாடகத்துல கடைசியில ரெண்டு பேரும் எப்படிப் போனாங்களோ அதே மாதிரி. மறுநாள் காலையில மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கிட்டே சொன்னார். "தண்ணி வரலங்கறது இந்த ஊருக்குத் தெரியாதா? அதச் சொல்ல ஒரு மேடை வேணுமாப்பா?"

நான் பதில் சொல்லல. நாடகம் எழுதின நோட்டு பரண்ல ஏறுச்சு.

எனக்கு அந்த ஆசை எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேப்பீங்க. ரேடியோவுலேர்ந்து வந்துச்சு. எங்க தஞ்சாவூர் ஜில்லாவுல ரேடியோவுக்குத் தனி மரியாதை உண்டு. 1966 வாக்குல ஆடுதுறை 27 நெல்லு வந்தப்ப, அதை எப்படிப் பயிர் பண்றதுன்னு சம்சாரிங்க திருச்சி வானொலியிலதான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. அதனால அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்'லுன்னு பேர் வந்துடுச்சு. அதே ரேடியோவுல ராத்திரி நாடகம் போடுவாங்க. கொஞ்ச நேர நாடகந்தான். காட்சி, சீன், துணி எதுவும் கிடையாது, குரல் மட்டும். திண்ணையில படுத்துக்கிட்டு இருட்டுல கேக்கறப்ப ஒரு குடும்பமே நம்ம பக்கத்துல வந்து உட்கார்ந்து பேசிட்டுப் போன மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்துத் துணைப்பாடத்துலயும் ஓரங்க நாடகம்னு படிச்சேன். ஒரே இடம், ஒரே பொழுது, ஆரம்பிச்சா முடியற வரைக்கும் திரை இறங்காது. இது நம்மால முடியும்னு தோணுச்சு. முடியலைன்னு அந்தப் பொங்கல் ராத்திரி தெரிஞ்சுக்கிட்டேன்.

அப்புறம் இருபத்தெட்டு வருஷம். ஒம்பது மா நிலம், கல்யாணம், ரெண்டு பிள்ளைங்க, வெள்ளம், வறட்சி. நாடகத்தை மறந்தே போயிட்டேன்.

2018 அக்டோபர் 25-ஆம் தேதி, நல்ல ஐப்பசி மழை. கடைத்தெருவுல டீ குடிச்சுக்கிட்டே பேப்பரைப் பிரிச்சேன். பெரிய வெள்ளை மீசை வச்ச ஒருத்தர் போட்டோ. நாடக ஆசிரியர் ந. முத்துசாமி முந்தின நாள் சென்னையில காலமாயிட்டார்னு போட்டிருந்துச்சு. பத்மஸ்ரீ வாங்கினவர், கூத்துப்பட்டறைங்கற நாடகக் குழுவை ஆரம்பிச்சவர். எல்லாம் படிச்சுக்கிட்டே வந்தவன் ஒரு வரியில நின்னுட்டேன். 1936-ல புஞ்சையில பொறந்தவர்.

புஞ்சை எங்க இருக்குன்னு பட்டணத்துல இருக்கற உங்களுக்குத் தெரிய நியாயமில்ல. திருக்கடையூர்லேர்ந்து ஆக்கூர் போய், செம்பனார்கோயில் பக்கம் போனா வர்ற ஊர். சைக்கிள்லயே போய் வரலாம். பேர்தான் புஞ்சை, சுத்திப் பூராவும் நஞ்சை. தேவாரத்துல அதுக்குத் திருநனிபள்ளின்னு பேர். சாமி பேர் நற்றுணையப்பர். சம்பந்தர் அங்க வந்து பாடிப் பாலையா இருந்த பூமியை நெய்தலாவும் மருதமாவும் மாத்தினார்னு கதை சொல்லுவாங்க. நான் விதைநெல்லுக்கும் மாடு பாக்கவும் எத்தனையோ தடவை அந்த ஊருக்குப் போயிருக்கேன். அங்க பொறந்த ஒருத்தர் ஆயுசு பூரா சின்னச் சின்ன நாடகமா எழுதிக்கிட்டு இருந்தார்னு அவர் செத்த அன்னைக்குத்தான் எனக்குத் தெரியுது.

டீக்கடையில கேட்டேன், யாருக்கும் தெரியல. "பசுபதி, விமல், விதார்த், குரு சோமசுந்தரம் இவங்கல்லாம் அங்க கத்துக்கிட்டு வந்தவங்க. விஜய் சேதுபதி சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி அங்கதான் கணக்கு எழுதிக்கிட்டு இருந்தாராம்"னு பேப்பரைப் பாத்துச் சொன்னேன். "அப்படியாண்ணே!"ன்னு எல்லாரும் திரும்பினாங்க. சிஷ்யப்பிள்ளைங்களைத் தெரியுது, வாத்தியாரைத் தெரியல.

எனக்குத் தெரிஞ்ச ஒரு தமிழ் வாத்தியார் இருக்கார், ரிடையர் ஆனவர். அவர்கிட்ட போய் நின்னேன். பீரோவைத் துழாவி ரெண்டு மூணு புத்தகம் எடுத்துக் கொடுத்தார். அந்த மழைக்காலம் முழுக்க அதைத்தான் படிச்சேன்.

முத்துசாமி சின்ன வயசுலேயே பட்டணம் போனவர். சி.சு. செல்லப்பா நடத்தின 'எழுத்து' பத்திரிகையில கதை எழுத ஆரம்பிச்சார். அப்புறம் 1960-களின் கடைசியில 'நடை'ன்னு ஒரு சின்னப் பத்திரிகையில 'காலம் காலமாக'ன்னு ஒரு நாடகம் வந்துச்சு. சின்ன நாடகம். தமிழ்ல நவீன நாடகம்னு பேசறவங்க அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கிறாங்க. அப்புறம் 'அப்பாவும் பிள்ளையும்', 'நாற்காலிக்காரர்'. ஓட்டுப் போடற கூத்தைக் கேலி பண்ற நாடகம் இந்த 'நாற்காலிக்காரர்'. பிறகு 'சுவரொட்டிகள்', 'கட்டியக்காரன்', 'உந்திச்சுழி', 'நற்றுணையப்பன்', 'படுகளம்', 'இங்கிலாந்து'ன்னு போகுது. பின்னாடி பெருசாவும் எழுதினார். ஆனா பேர் வாங்கித் தந்தது ஆரம்பத்துல எழுதின அந்தக் குட்டி நாடகங்கள்தான்.

உண்மையைச் சொல்லிடறேன். முதல் தடவை படிச்சப்ப எனக்குப் புரியல. பேச்சு ஒரு இடத்துல கிளம்பி ஊரைச் சுத்தி அதே இடத்துக்கு வந்து நிக்குது. கதைன்னு கையில பிடிக்க ஒண்ணும் அகப்படல. வாத்தியார்கிட்ட சொன்னேன். சிரிச்சார். "இதை அபத்த நாடகம்னு சொல்லுவாங்க. அவர் எழுத ஆரம்பிச்ச நாள்லேர்ந்து கேட்ட வார்த்தைதான் இது, புரியலைங்கறது. நீ வாய்விட்டுப் படிச்சுப் பாரு"ன்னார்.

மாட்டுக் கொட்டாயில உட்கார்ந்து வாய்விட்டுப் படிச்சேன். அப்பத்தான் பிடிபட்டுச்சு. இது எங்க டீக்கடைப் பேச்சு. மழை வருமா, விலை ஏறுமா, கடன் தள்ளுபடி ஆகுமான்னு முப்பது வருஷமா நாங்க பேசற பேச்சும் இப்படித்தான் கிளம்பின இடத்துக்கே வந்து நிக்கும். கண்ணால படிச்சா வெறும் எழுத்து, வாயால சொன்னா ஆள் வந்து நிக்கறான்.

தலைப்புங்களைப் பாருங்க. 'வண்டிச்சோடை'ன்னு ஒரு நாடகம். மாட்டுவண்டி போய்ப் போய் மண் தெருவுல ரெண்டு பக்கமும் பள்ளம் விழுந்து கிடக்கும். அதுக்குத்தான் சோடைன்னு பேர். ஒரு தடவை சக்கரம் சோடையில இறங்கிட்டா வண்டிக்காரன் தூங்கினாலும் மாடு வீடு சேத்துடும். வேற பக்கம் திருப்பணும்னாத்தான் கஷ்டம். 'நற்றுணையப்பன்' அவங்க ஊர்ச் சாமி பேர். தெருக்கூத்து பத்தி எழுதின கட்டுரைப் புத்தகத்துக்குக்கூட 'அன்று பூட்டிய வண்டி'ன்னுதான் பேர் வச்சிருக்கார். பட்டணத்துல அம்பது வருஷம் இருந்தும் மனுஷன் வண்டியை அவுக்கவே இல்ல.

ஒரு விஷயம் எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. அவர் உசிரா நெனச்ச தெருக்கூத்து எங்க பக்கத்துக் கலை இல்ல. அது வடக்க, செய்யாறு பக்கம் புரிசை மாதிரி ஊர்கள்ல வாழற கலை. பட்டணத்துல இருக்கும்போது அந்தக் கூத்தைப் பாத்து, இதுதான் நம்ம தியேட்டர்னு பிடிச்சுக்கிட்டார். 1977-ல கூத்துப்பட்டறை ஆரம்பிச்சாங்க. புரிசை கண்ணப்பத் தம்பிரான் வந்து கூத்து சொல்லிக் கொடுத்தார். பின்னால ஃபோர்டு பவுண்டேஷன் பண உதவி கெடச்சு, நடிகர்களுக்கு மாசச் சம்பளம் கொடுத்து முழுநேரமா வச்சுப் பயிற்சி கொடுத்தாங்க. நாடகம் நடிக்கறதுக்கு மாசச் சம்பளம்! எங்க ஊர்ல சொன்னா நம்புவாங்களா?

இத்தனையும் எத்தனை பேருக்காக? ஒரு நாடகத்துக்கு அம்பது பேர், நூறு பேர் வந்திருப்பாங்க. எங்க தெரு முனையில என் நாடகத்தைப் பாத்துச் சிரிச்சதே இருநூறு பேர் இருக்கும். அந்த வகையில நான் அவரை முந்திட்டேன். வித்தியாசம் என்னன்னா, நான் ஒரு ராத்திரியோட நோட்டைப் பரண்ல ஏத்தினேன். அவர் ஏத்தல. அம்பது வருஷம் "புரியல"ங்கற வார்த்தையைக் கேட்டுக்கிட்டே அடுத்ததை எழுதினார். ஒரு போகம் போச்சுன்னா நாத்தங்காலை மறுபடி உழுவோமில்ல, அந்த மாதிரி. வயல்ல எனக்கு அது தெரிஞ்சிருக்கு. எழுத்துல தெரியல.

ஓரங்க நாடகம்னா பெரிய நாடகத்துல ஒரு துண்டை வெட்டி எடுக்கறதுன்னு நான் நெனச்சிருந்தேன். அப்படி இல்ல. எங்க ஊர்க் கோயிலுக்கு வந்து பாத்தீங்கன்னா புரியும். அபிராமி சன்னதியில தினமும் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் நடக்குது. ஒரு கிழவரும் கிழவியும் கழுத்துல மாலையோட உட்கார்ந்திருப்பாங்க. கலசத் தண்ணியை மகனும் மருமகளும் மாத்தி மாத்தி ஊத்துவாங்க. கொஞ்ச நேரந்தான். ஆனா தாலி கட்டறப்ப அந்த அம்மா ஒரு பார்வை பாக்கும் பாருங்க, அதுல முப்பத்தஞ்சு வருஷக் குடித்தனமும் தெரியும். யார் யாரோட பேசாம இருக்காங்க, எந்த மகன் காசு போட்டான், எந்த மகன் போடல, எல்லாம் தெரியும். சின்ன நாடகம் அதுதான். மீதியை வெட்டிப் போடல, உள்ள வச்சிருக்கு.

வாத்தியார் இன்னொண்ணும் சொன்னார். ரஷ்யாவுல செகாவ்னு ஒருத்தர் 1888 வாக்குல ஒரு ஓரங்க நாடகம் எழுதியிருக்காராம். பக்கத்து நிலத்துக்காரன் பொண்ணு கேக்க வர்றான். வந்த காரியத்தைச் சொல்றதுக்குள்ள ஒரு புல்வெளி யாருக்குச் சொந்தம்னு பொண்ணுக்கும் அவனுக்கும் சண்டை வந்துடுது. அது ஓஞ்சா, யார் நாய் ஒசத்தின்னு அடுத்த சண்டை. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். எங்க தெருவுல இதே மாதிரி ஒரு வரப்புத் தகராறுல நின்னுபோன நிச்சயதார்த்தம் உண்டு. ரஷ்யாவுல நடந்தா என்ன, ஆக்கூர்ல நடந்தா என்ன, ஒரு முழ வரப்பு போதும் நாடகத்துக்கு.

மழை விட்டப்புறம் ஒரு நாள் வண்டியை எடுத்துக்கிட்டுப் புஞ்சைக்குப் போனேன். அவர் வீடு எது, தெரு எதுன்னு யாரையும் கேக்கல. கோயிலுக்குள்ள போய் உட்கார்ந்தேன். அந்தக் கோயில் வேலைப்பாட்டுக்குப் பேர் போனது. 'நனிபள்ளி கோடி வட்டம்'னு சிற்பிங்க சொல்லுவாங்க. இந்த மாதிரி இன்னொண்ணு செய்யத் தங்களால ஆகாதுன்னு ஒதுக்கி வச்ச வேலைகள்ல அது ஒண்ணாம். வெளியில தெரு காலியா இருந்துச்சு. காதைக் கொடுத்தா ரெண்டு பேர் ஏதோ பேசிக்கிட்டுப் போற சத்தம். அது போதும்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்து பரண்ல ஏறி நோட்டைத் தேடி எடுத்தேன். கரையான் பாதி தின்னிருந்துச்சு. மடிச்சு அலமாரியில வச்சேன்.

அடுத்த வருஷம் 2019. மேட்டூர் ஆகஸ்ட் 13-ஆம் தேதிதான் திறந்தாங்க. எங்களது கடைமடை. அங்க திறந்தா இங்க வந்து சேர நாள் கணக்காகும். எப்ப வரும், எவன் மறிப்பான்னு சொல்ல முடியாது. ஒரு ராத்திரி தண்ணி வருதுன்னு தகவல் வந்து மடைக்குக் கிளம்பினேன். அப்பாவும் வர்றேன்னுட்டார். முத்துசாமி பொறந்த அதே 1936-லதான் எங்க அப்பாவும் பொறந்தார். எண்பத்து மூணு வயசு. வேண்டாம்னாலும் கேக்கல. வண்டியில பின்னாடி உக்கார வச்சு அழைச்சுக்கிட்டுப் போனேன்.

மடைக் கட்டையில சாக்கை விரிச்சு உட்கார்ந்தோம். கொசு, தவளைச் சத்தம், தூரத்துல கோயில் விளக்கு. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. தண்ணியும் வரல. ஒரு மணி, ஒண்ணரை மணி இருக்கும். அப்பா திடீர்னு கேட்டார்.

"அந்த ரெண்டாம் ஆளு என்னப்பா சொல்லுவான்? தங்கச்சி கல்யாணத்தப் பத்திப் பேசிட்டு, அப்புறம் ஒண்ணு சொல்லுவானே?"

எனக்கு முதல்ல விளங்கல. எந்த ரெண்டாம் ஆளு?

"நீ போட்ட நாடகத்துலப்பா."

இருபத்தொம்பது வருஷம் ஆச்சு. எனக்கே அந்த வசனம் ஞாபகத்துல இல்ல. கரையான் தின்ன பக்கத்துல போயிருக்கும். "தெரியலப்பா"ன்னேன்.

அப்பா கொஞ்ச நேரம் யோசிச்சார். அப்புறம் அவரே சொன்னார். "வராதுன்னு தெரிஞ்சா எதுக்குடா உக்காந்திருக்கேன்னு முதல் ஆளு கேப்பான். நீ உக்காந்திருக்கியே, அதான்ம்பான்."

சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டார். எனக்கும் பேச வாய் வரல. இருட்டு நல்லதாப் போச்சு.

விடியக்காலம் தண்ணி வந்துச்சு. முதல்ல சருகைத் தள்ளிக்கிட்டு நுரையா, அப்புறம் கணுக்கால் அளவுக்கு. அப்பா எழுந்திரிச்சு, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டார். "போலாம்"னார். அவ்வளவுதான்.

அதுக்கடுத்த தையில அப்பா போய்ச் சேர்ந்துட்டார்.

இப்ப எதுக்கு இதெல்லாம்னா, நேத்து எங்க தெருப் பசங்க வந்தாங்க. பொங்கலுக்கு நிகழ்ச்சி நடத்தறாங்களாம். "மாமா, நீங்க ஏதோ நாடகம் எழுதி வச்சிருக்கீங்களாமே, கொடுங்க, போடலாம்"னாங்க. யார் சொன்னாங்களோ தெரியல. நோட்டைக் காட்டினேன். கரையான் தின்னது போக மீதியை அன்னைக்கு ராத்திரியே ஞாபகத்துலேர்ந்து எழுதிச் சேத்து வச்சிருக்கேன். அப்பா சொன்ன வசனம் உட்பட. ஒரு பையன் புரட்டிப் பாத்துட்டு, "எத்தனை நிமிஷம் மாமா வரும்?"னான்.

"இருபது நிமிஷம்ப்பா."

"அவ்வளவு நேரமா? யாரு மாமா உக்காந்து பாப்பாங்க? ஒரு அஞ்சு நிமிஷமாக் கொறைச்சுத் தர முடியுமா?"

அன்னைக்கு அவ்வளவுதானான்னாங்க, இன்னைக்கு அவ்வளவு நேரமாங்கறாங்க. எனக்குக் கோவம் வரல. சிரிப்புத்தான் வந்துச்சு. கொறைக்க முடியாதுன்னு சொல்லிட்டேன். அம்பது பேர் உக்காந்தா போதும், பத்துப் பேர் உக்காந்தாலும் போதும், இருபது நிமிஷம் இருபது நிமிஷமாவே இருக்கட்டும்னேன். பசங்க ஒருத்தனை ஒருத்தன் பாத்துக்கிட்டாங்க. கடைசியில ரெண்டு பேர் நடிக்கறேன்னு ஒத்துக்கிட்டு நோட்டை வாங்கிக்கிட்டுப் போயிருக்காங்க. அதுல ரெண்டாம் ஆளா நடிக்கப் போறவன் யார் தெரியுமா? அன்னைக்குக் கூட்டத்துலேர்ந்து "அவ்வளவுதானா?"ன்னு கத்தினானே, அவன் மகன்.

மழை விட்ட மாதிரி இருக்கு. சம்பாவுல தண்ணி தேங்கி நிக்குது, போய் வடிகாலை வெட்டி விட்டுட்டு வர்றேன்.